மறைநூலின் அருகே நின்ற குரல்

கி.மு. 701-ஆம் ஆண்டில் அசீரிய மன்னன் சனகெரிபின் படை எருசலேம் நகருக்கு வெளியே வந்து நின்றது. மன்னனின் தூதுவன் மதிற்சுவரின் அருகே நின்று, சரணடையுமாறு உரத்த குரலில் அச்சுறுத்தினான். எசேக்கியா அரசரின் அலுவலர் மூவர், தங்களோடு அரமேய மொழியில் பேசுமாறும், மதில்மேல் இருந்த மக்களின் செவியில் விழும்படி யூதாவின் மொழியில் பேச வேண்டாமென்றும் அவனைக் கேட்டுக்கொண்டனர். அவனோ முன்னிலும் உரக்க, மக்களின் மொழியிலேயே முழங்கலானான். அரசர்கள் இரண்டாம் நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில் உள்ள இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது நம்மில் பலர் தூதுவனின் ஆணவத்தைக் கவனிக்கிறோம், மொழியைக் கவனிப்பதில்லை. அன்று அரமேயம் அரசு அலுவலர்க்கும் கற்றோர்க்கும் உரிய மொழி. எபிரேயமோ தெருவில் நின்ற எவர்க்கும் விளங்கிய தாய்மொழி.

சில நூற்றாண்டுகளுக்குள் இந்நிலைமை தலைகீழாயிற்று. கி.மு. 587 வாக்கில் எருசலேம் வீழ்ந்தது. மக்களில் பலர் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றனர். பின்னர் எழுந்த பாரசீகப் பேரரசு, எகிப்து முதல் இந்தியாவின் எல்லை வரை தன் அலுவல்களுக்கு அரமேயத்தையே கையாண்டது. சந்தையிலும் வழக்கு மன்றத்திலும் வழங்கிய மொழி நாளடைவில் அடுப்பங்கரைக்கும் தொட்டிலுக்கும் வந்து சேர்ந்தது. எபிரேயம் அடியோடு மறைந்துவிடவில்லை. கற்றவர் நடுவிலும் சில ஊர்களிலும் அது வழங்கியே வந்தது. ஆயினும் முன்னோர் வாழ்ந்த மொழியில் எழுதப்பட்ட திருச்சட்டம், பேரப்பிள்ளைகளில் பலருக்கு விளங்காத ஓசையாகிவிட்டது.

நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரம் இங்கேதான் நமக்கு உதவுகிறது. தண்ணீர் வாயிலின் முன் இருந்த வெளியில் ஆண்களும் பெண்களும் கூடியிருக்க, எஸ்ரா மரமேடை ஒன்றின்மேல் நின்று காலை முதல் நண்பகல் வரை திருச்சட்டத்தை வாசிக்கிறார். லேவியர் மக்களிடையே நின்று பொருள் விளங்கச் செய்கின்றனர். பொருள் விளங்கியதும் மக்கள் அழுகின்றனர்! அழ வேண்டாமென்று அவர்களைத் தேற்றி, நல்லுணவு உண்டு, இல்லாதவர்க்கும் பங்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்கு அனுப்புகின்றனர். லேவியர் செய்தது விளக்கமா மொழிபெயர்ப்பா என்று அறிஞர் வாதிடுவர். யூத மரபோ, அரமேய மொழிபெயர்ப்பின் பிறப்பு அன்றே நிகழ்ந்தது என்று கொண்டது.

அம்மொழிபெயர்ப்புக்குத் 'தார்கும்' என்று பெயர். மொழிபெயர்ப்பு என்பதே அச்சொல்லின் பொருள். நம் ஊர் முஸ்லிம் சகோதரர்கள் 'தர்ஜமா' என்று சொல்லக் கேட்டிருப்போம். அதுவும் இதன் உறவுச் சொல்லே. மொழிபெயர்ப்பவரை 'மெதுர்கெமான்' என்று அழைத்தனர். தொழுகைக்கூடத்தில் மறைநூல் வாசிப்பவரின் அருகே நின்று, கேட்டதை மக்கள் மொழியில் சொல்வது அவர் பணி.

அவர் எவ்வாறு நிற்க வேண்டும், எவ்வாறு பேச வேண்டும் என்பதற்கு இருந்த விதிகள் நம் சிந்தைக்கு நல்விருந்து. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவிலும், அதன் விரிவான தல்மூதிலும் அவை காணக்கிடக்கின்றன. வாசிப்பவர் ஒருவர், மொழிபெயர்ப்பவர் மற்றொருவர். ஒருவரே இரண்டையும் செய்தலாகாது. திருச்சட்ட நூலாயின் ஒரு வசனம் வாசித்து நிறுத்த வேண்டும். மொழிபெயர்ப்பு முடிந்த பின்னரே அடுத்த வசனம். இறைவாக்கினர் நூலாயின் மூன்று வசனம் வரை சேர்த்து வாசிக்கலாம். வாசிப்பவர் ஏட்டுச்சுருளிலிருந்து கண்ணை எடுக்கலாகாது. மொழிபெயர்ப்பவரோ எந்த ஏட்டையும் பாராமல் மனத்திலிருந்தே சொல்ல வேண்டும். அவரும் ஏட்டைப் பார்த்துச் சொன்னால், அவர் சொல்வதும் திருச்சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று எளிய மக்கள் எண்ணிவிடுவர் என்பதே காரணம். அவருடைய குரல் வாசிப்பவரின் குரலுக்கு மேல் எழும்பலாகாது. அவருக்கு உரத்த குரல் இல்லையெனில், வாசிப்பவர் தம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பவர் ஒருவர் தூணில் சாய்ந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைக் கண்ட இரபி ஒருவர், சீனாய் மலையில் திருச்சட்டம் அச்சத்தோடும் நடுக்கத்தோடும் அளிக்கப்பட்டதை நினைவூட்டி, அவ்வாறு சாய்ந்து நிற்பது தகாது என்று தடுத்தார்.

இவ்வளவு கண்டிப்புக்கு இடையிலும் ஒரு தாராளம் காண்கிறோம். கிழிந்த உடை உடுத்திய ஏழை ஒருவன் சபையில் திருச்சட்டத்தை வாசிக்கலாகாது. ஆனால் அதை மொழிபெயர்த்துச் சொல்லலாம். சிறுவனும் சொல்லலாம். மொழிபெயர்ப்புக்கு அவர்கள் அளித்த இடம் எளிய இடம் என்பது இதனால் விளங்கும். ஆனால் மக்களின் உள்ளத்தில் தங்கியது எந்தக் குரல்? எபிரேயம் அறியாத ஒரு தாய் வீடு திரும்பித் தன் பிள்ளைக்குச் சொல்லியிருக்கக்கூடிய மறைநூல், கந்தல் உடுத்தவன் அரமேயத்தில் சொன்ன மறைநூலன்றோ!

சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டுமா, பொருளை விரித்துச் சொல்லலாமா என்னும் கேள்வி அன்றே எழுந்தது. இரபி யூதா என்பவர் இதற்கு வியப்பான ஒரு விடை தந்தார். வசனத்தை உள்ளது உள்ளவாறே பெயர்ப்பவன் பொய்யன். தன்பால் எதையேனும் கூட்டுபவன் இறைப்பழிப்பு செய்பவன் என்பது அவர் கருத்து. அப்படியாயின் மொழிபெயர்ப்பவன் செல்லும் வழிதான் யாது? விடுதலைப் பயண நூலின் 24-ஆம் அதிகாரத்தில், மோசேயும் மூப்பர் எழுபதின்மரும் மலைமேல் ஏறி இஸ்ரயேலின் கடவுளைக் கண்டனர் என்று வருகிறது. இதை அப்படியே சொன்னால், கடவுளைக் கண்டு எவரும் உயிர்வாழ இயலாது என்னும் உண்மைக்கு மாறாகும். வானதூதரைக் கண்டனர் என்றால், தூதரைக் கடவுளாக்கியதாகும். கடவுளின் மாட்சியைக் கண்டனர் என்று பெயர்த்தார் ஒன்கெலோஸ். ஐந்நூல்களின் தார்கும்களில் மிக்க அதிகாரம் பெற்றது இவர் பெயரால் வழங்குவதே.

இதே அச்ச உணர்வால் தார்கும்கள் 'மேம்ரா' என்னும் சொல்லை அடிக்கடி கையாளுகின்றன. 'வாக்கு' என்பது அதன் பொருள். ஆதாமும் ஏவாளும் தோட்டத்தில் கேட்டது ஆண்டவருடைய வாக்கின் குரலை. ஆபிரகாம் நம்பியது ஆண்டவருடைய வாக்கை. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தை நெஞ்சில் கொண்டிருக்கும் நமக்கு இது உடனே வேறொன்றை நினைவூட்டும். ஆனால் இங்கே சற்று நிதானம் வேண்டும். தார்கும்களில் மேம்ரா என்பது கடவுளைப் பற்றிப் பணிவோடு பேசும் ஒரு முறையே. தனி ஓர் ஆளைக் குறிப்பதன்று என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. யோவான் இச்சொல்லின் ஓசையைத் தொழுகைக்கூடத்தில் கேட்டு வளர்ந்திருக்கலாம். அதற்கு மேல் துணிந்து சொல்லுதல் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு முறை காயின், ஆபேல் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். "ஃபாதர், வயலுக்குப் போய் இரண்டு பேரும் என்ன பேசினார்கள்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி! எபிரேய மூலத்தில் அவ்விடம் ஒரு பள்ளமாகவே கிடக்கிறது. காயின் தன் தம்பியிடம் சொன்னான் என்று வருகிறது. என்ன சொன்னான் என்பது இல்லை. அடுத்த சொல்லே, அவர்கள் வயலில் இருந்தபொழுது என்பதாகும். வயலுக்குப் போவோம் என்று அழைத்ததாகக் கிரேக்க மொழிபெயர்ப்பு அப்பள்ளத்தை நிரப்பியது. பாலஸ்தீனத்துத் தார்கும்களோ அங்கே ஒரு முழு வழக்கையே நடத்துகின்றன. நீதி இல்லை, நீதிபதி இல்லை, மறுவுலகமும் இல்லை, நல்லோர்க்குப் பரிசோ தீயோர்க்குத் தண்டனையோ கிடையாது என்று காயின் வாதிடுகிறான். உண்டு, உண்டு, எல்லாம் உண்டு என்று ஆபேல் மறுக்கிறான். அவ்வாதத்தின் முடிவிலே கை ஓங்குகிறது. தன் காணிக்கை ஏற்கப்படாதவனின் கசப்பு, கடவுள் நேர்மையற்றவர் என்னும் முடிவுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர் நன்கு அறிந்திருந்தார். மேடையில் நின்று மறையுரை ஆற்றுவோர்க்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ? சிறுவனுக்கு இவ்வரலாற்றைச் சொன்னோம். அவன் காயின் பக்கமே ஓரளவு நியாயம் இருப்பதாகக் கருதினான் என்பது வேறு செய்தி.

ஈசாக்கின் பலியை இத்தார்கும்கள் சொல்லும் விதமும் உருக்கமானது. தொடக்க நூலில் ஈசாக்கு, பலிக்கான ஆடு எங்கே என்று கேட்டதோடு சரி. பின்னர் வாய் திறப்பதில்லை. தார்கும்மில் அவர் தம் தந்தையிடம் தம்மை இறுகக் கட்டுமாறு வேண்டுகிறார். உயிருக்குத் துடித்து உதைத்தால் பலி பழுதுபட்டுவிடுமே என்பது அவர் கவலை. ஆபிரகாமின் கண்கள் மகனின் கண்களை நோக்க, மகனின் கண்கள் உயரத்தில் வானதூதரை நோக்குகின்றன. வெட்டுபவர் தயங்கவில்லை, வெட்டப்படுபவர் கழுத்தை நீட்டுகிறார், வந்து பாருங்கள் என்று வானில் ஒரு குரல் எழுகிறது. வாய் திறவாத மகன் இங்கே தானே விரும்பித் தன்னைத் தரும் மகனாகிறான்.

விடுதலைப் பயணம் 12:42-இல் பாஸ்கா இரவு ஆண்டவருக்காக விழித்திருக்கும் இரவு என்று சுருக்கமாக வருகிறது. அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு தார்கும் நான்கு இரவுகளைப் பாடுகிறது. முதல் இரவு, இருளில் ஆண்டவர் உலகைப் படைத்தபோது; அவருடைய வாக்கே ஒளியாகி மிளிர்ந்தது என்கிறது அது. இரண்டாம் இரவு, முதிர்ந்த வயதில் ஆபிரகாமுக்கு ஆண்டவர் தோன்றியபோது. ஈசாக்கின் பலியும் இவ்விரவோடு இணைக்கப்படுகிறது. மூன்றாம் இரவு, எகிப்தில் நள்ளிரவில். நான்காம் இரவு, உலகம் தன் முடிவை அடைந்து இருப்பு நுகங்கள் முறிந்து மெசியா வரும்போது. நம் பாஸ்கா திருவிழிப்பில் கோவில் விளக்குகளை அணைத்து, கையில் மெழுகுதிரியோடு நாம் கேட்கும் முதல் மூன்று வாசகங்கள் எவை? படைப்பு, ஈசாக்கின் பலி, செங்கடலைக் கடத்தல். வாசகங்கள் நீள்கின்றன என்று முணுமுணுப்பவரும், தாயின் மடியில் தூங்கிவிடும் குழந்தைகளும் எல்லாப் பங்கிலும் உண்டு. இதே வரிசையில், இதே நினைவுகளை, இதே பெருவிழாவின் இரவோடு சேர்த்து அரமேயத்தில் கேட்ட மக்களும் இருந்தனர் என்பதை ஒவ்வோர் ஆண்டும் அவ்விரவில் நாம் நினைத்துக்கொள்வதுண்டு.

இந்நான்கு இரவுகளின் பாடலை முழுமையாகத் தரும் கையெழுத்துப் பிரதி கிடைத்த வரலாறே தனிக்கதை. உரோமை நகரில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது எழுதப்பட்டது. விட்டெர்போ நகரின் எஜிதியோ என்னும் அகுஸ்தீன் சபைத் துறவிக்காக அது எழுதப்பட்டதென்று கருதப்படுகிறது. 1517-இல் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். எபிரேயம் கற்பதில் தீராத ஆவல் கொண்ட அவர், எலியா லெவிதா என்னும் யூத இலக்கண அறிஞரைக் குடும்பத்தோடு தம் இல்லத்திலேயே பல ஆண்டு தங்கவைத்து ஆதரித்தார். தார்கும்களுக்கு ஓர் அகராதி எழுதி 1541-இல் வெளியிட்டவர் அந்த லெவிதாவே. பிரதியோ, கிறிஸ்தவ மறையில் புதிதாகச் சேர்ந்தோருக்காக உரோமையில் இருந்த ஓர் இல்லத்துக்குச் சென்று, அங்கிருந்து வத்திக்கான் நூலகத்தை அடைந்தது. ஒன்கெலோஸ் தார்கும் என்று தவறாகப் பெயர் எழுதப்பட்டமையால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இசுப்பானிய நாட்டுக் குருவான அலெஹாந்திரோ தியேஸ் மாச்சோ, அது ஒன்கெலோஸ் அன்று, ஐந்நூல்கள் முழுமைக்குமான பாலஸ்தீனத் தார்கும் என்பதைக் கண்டு 1956-இல் அறிவித்தார். பின்னர் 1968 முதல் 1979 வரை ஆறு தொகுதிகளாக அதைப் பதிப்பித்தார். அந்த இல்லத்தின் நினைவாக அது 'நெயோபித்தி' என்று வழங்குகிறது. திருச்சபையின் நூலகத்திலேயே, பெயர் மாறிய அட்டைக்குள் அது காத்திருந்தது!

ஆனால் தார்கும்களில் உள்ள எல்லாமே இயேசுவின் காலத்தவை என்று கொள்வது பிழை. நாம் இன்று படிக்கும் வடிவங்கள் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தவை. யோனத்தான் பெயரால் தவறாக வழங்கும் ஐந்நூல் தார்கும் ஒன்றில், இஸ்மயேலின் மனைவியருக்கு ஆயிஷா, பாத்திமா என்பவற்றை ஒத்த பெயர்கள் வருகின்றன. நபிகள் நாயகத்தின் குடும்பப் பெயர்கள் வருவதால், அப்பகுதி ஏழாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. எனினும் அதே நூலில், தாய்ப்பசுவையும் கன்றையும் ஒரே நாளில் வெட்டலாகாது என்னும் லேவியர் நூலின் கட்டளைக்கு, விண்ணகத்தில் தந்தை இரக்கமுள்ளவராய் இருப்பதுபோல மண்ணில் நீங்களும் இரக்கமுள்ளவராய் இருங்கள் என்னும் பொருளில் ஒரு தொடர் சேர்ந்திருக்கிறது. லூக்கா 6:36-ஐ அறிந்த எவரும் இதைக் கண்டு நிமிர்ந்து உட்காருவர். மாற்கு 4:12-இல் எசாயாவின் வாக்கை ஆண்டவர் எடுத்துரைக்குமிடத்திலும் ஒரு சிறு அடையாளம் உண்டு. எபிரேயத்தில் 'குணமாதல்' என்று உள்ள இடத்தில் மாற்கு 'மன்னிக்கப்படுதல்' என்கிறார். தார்கும்மும் அவ்வாறே சொல்கிறது. சிலுவையில் அவர் கூவியழைத்த 'சபக்தானி' என்னும் சொல்லும் எபிரேயம் அன்று, அரமேயமே. உயிர் பிரியும் வேளையில் திருப்பாடல் அவர் நாவில் தாய்மொழியில் வந்தது.

நமக்கு ஏற்றவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவது நேர்மையாகாது. எசாயாவின் துன்புறும் ஊழியர் பாடலைத் தார்கும் என்ன செய்தது என்று கேட்கவேண்டும். இறைவாக்கினர் நூல்களுக்கான தார்கும் அங்கே ஊழியரை வெளிப்படையாகவே 'மெசியா' என்று அழைக்கிறது. நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அடுத்து வரும் துன்பங்களை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது! நம் குற்றங்களுக்காகக் காயமுற்றவர் என்பது, நம் குற்றங்களால் தீட்டுப்பட்ட திருக்கோவிலை அவர் கட்டுவார் என்றாகிறது. ஆட்டுக்குட்டியைப்போல் கொல்லப்படுவதற்கு இழுத்துச் செல்லப்படுவோர் பிற இனத்தாரின் வலியவர்களாகிவிடுகின்றனர். நமக்கு எதிராகவே இவ்வாறு மாற்றினர் என்று சினந்து பேசியோர் உண்டு. கி.பி. 70-இல் கோவிலை நெருப்புக்குப் பறிகொடுத்த ஒரு மக்களின் ஏக்கமே இங்குப் பெரிதும் ஒலிக்கிறது என்பது நம் எண்ணம். இடிந்த கோவிலின் முன் நிற்பவனுக்கு, கட்டுகிற மெசியா வேண்டும். அவர்கள் அழுகையை நாம் கேளாமல் அவர்கள் மொழிபெயர்ப்பை மட்டும் குறை கூறுவது எளிது.

எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவும் அவர்கள் விடவில்லை. ரூபன் தன் தந்தையின் மறுமனைவியோடு செய்த பிழையை எபிரேயத்தில் வாசிக்கலாம். மக்கள் மொழியில் சொல்லலாகாது. பொற்கன்று வரலாற்றிலும் ஆரோன் சாக்குப்போக்குச் சொல்லும் பகுதிக்கு இதே விதி. குருவின் மானத்தைக் காக்கவோ என்று நாம் சிரித்துக்கொள்வதுண்டு. வேறு சிலர் மொழிபெயர்ப்பையே அஞ்சினர். திருத்தூதர் பவுலின் ஆசிரியரான கமாலியேல், யோபு நூலின் தார்கும் ஒன்று தம்மிடம் கொண்டுவரப்பட்டபோது, கோவில் மலையில் வேலைசெய்த கொத்தனிடம் அதைக் கல் வரிசையின் கீழ் வைத்துப் புதைக்கச் சொன்னார் என்று தல்மூது கூறுகிறது. 1956-இல் கும்ரான் பகுதியின் பதினோராம் குகையில் ஒரு சுருள் கிடைத்தது. யோபுவின் அரமேய மொழிபெயர்ப்பு! கமாலியேல் புதைத்ததே அது என்பதற்கில்லை. ஆனால் அவர் காலத்தில் அத்தகைய ஏடு இருந்தது என்பதற்கு இனிச் சான்று வேண்டுவதில்லை.

யோனத்தான் பென் உசியேல் இறைவாக்கினர் நூல்களைப் பெயர்த்தபோது இஸ்ரயேல் நாடே அதிர்ந்ததாம். தம் மறைபொருள்களை மனிதருக்கு வெளியிட்டவன் யார் என்று வானிலிருந்து குரல் கேட்டதாம். அவர் எழுந்து நின்று, தம் புகழுக்காகவோ தம் குடும்பத்தின் புகழுக்காகவோ செய்யவில்லை, இஸ்ரயேலில் சச்சரவு பெருகாதிருக்கவே செய்தேன் என்று விடையிறுத்தாராம். கதையை எவ்வளவு நம்புவதென்பது வாசகர் விருப்பம். ஒரு நூலை மக்கள் மொழிக்குக் கொண்டுவருவது நிலம் அதிரத்தக்க செயலென்று அவர்கள் கருதினர் என்பது மட்டும் உறுதி.

ஏழாம் நூற்றாண்டுக்குப் பின் அரபு மொழி பரவியது. அரமேயமும் வீட்டை விட்டு வெளியேறிற்று. அப்போது தார்கும் கைவிடப்பட்டதா? இல்லை. வாரந்தோறும் குறித்த பகுதியை எபிரேயத்தில் இரு முறையும் தார்கும்மில் ஒரு முறையும் படித்தல் பக்தியுள்ள யூதர்க்குக் கடமையாகவே நீடித்தது. ஏமன் நாட்டு யூதர்கள் சபையில் வசனத்துக்கு வசனம் தார்கும் சொல்லும் வழக்கத்தை இன்றளவும் கைவிடவில்லை. 1949, 1950-ஆம் ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தபோது அவ்வழக்கமும் கூடவே சென்றது. பெரியவர் எபிரேயத்தில் ஒரு வசனம் வாசித்து நிறுத்த, பெரும்பாலும் ஒரு சிறுவன் எழுந்து அதை அரமேயத்தில் சொல்கிறான். மக்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகப் பிறந்த அம்மொழிபெயர்ப்பு, ஏமனில் அவர்களுக்கு எபிரேயத்தைப் போலவே கற்றறிய வேண்டியதாகிவிட்டது. ஆகவே பத்தாம் நூற்றாண்டில் சாதியா என்னும் பேரறிஞர் செய்த அரபு மொழிபெயர்ப்பையும் அவர்கள் அதனருகே எழுதி வைத்துக்கொண்டனர். ஒரே பக்கத்தில் எபிரேயம், அரமேயம், அரபு என மூன்றும் எழுதப்பட்ட ஏமன் ஏடுகள் இன்றும் இருக்கின்றன.